முற்றத்தில் ஒரு தோட்டம்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்!



டிப்ளமோ முடித்து வெளியே போனதும் நம் சிவில் மாணவர்களில் பலருக்குக் கிடைக்கப்போகும் முதல் வேலை, மூன்று சென்ட் மனையில் ஒரு வீட்டுக்குப் பிளான் போடுவதுதான். அந்தப் பிளானின் நடுவில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் முற்றம் ஒன்றை வரைந்து காட்டுங்கள். வீட்டுக்காரர் உடனே கேட்பார்: "ஏன் தம்பி, இந்த இடத்துல ஒரு ரூம் வருமே!" மேஸ்திரியும் சேர்ந்துகொள்வார்: "மழை பெஞ்சா வீடு பூரா தண்ணிதாங்க." அங்கே போய் "அழகா இருக்கும் சார்" என்றால் எடுபடாது. கணக்கோடு பேசினால்தான் முற்றம் பிழைக்கும்.

முற்றம் நமக்குப் புதிதல்ல. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய மொகஞ்சதாரோ வீடுகளிலேயே முற்றம் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் சுற்றியுள்ள ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். வெளிச்சம், காற்று, மழை மூன்றும் ஒரே திறப்பின் வழியாக வரும். ஆகவே செடி வாங்குமுன் வெயிலையும் தண்ணீரையும் முடிவு செய்ய வேண்டும்.

1. வெயில் எங்கே விழும்?

மதுரைப் பக்கம் அட்சரேகை சுமார் 10 டிகிரி. டிசம்பர் 21 உச்சி வேளையில் சூரியன் தெற்கே சாய்ந்து 56.5 டிகிரி உயரத்தில் நிற்கும். திறப்பின் விளிம்பு முற்றத் தரையிலிருந்து 3 மீ. உயரம் என்றால், தெற்கு விளிம்பின் நிழல் 3 ÷ டேன் 56.5 = சுமார் 2 மீ. வடக்கே 1 மீட்டருக்கு மட்டும் வெயில் கிடைக்கும். ஜூன் 21-ல் சூரியன் வடக்கே, 76.5 டிகிரி உயரத்தில். இப்போது வடக்கு விளிம்பின் நிழல் 0.72 மீ.

இரண்டு கோட்டையும் பிளானில் போட்டுப் பாருங்கள். வடக்கு விளிம்பிலிருந்து 72 செ.மீ. முதல் 1 மீ. வரை உள்ள பட்டைக்கு வருஷம் முழுக்க உச்சி வெயில் உண்டு. துளசி மாடமும் மல்லிகையும் அங்கேதான் வர வேண்டும். தென்பகுதிக்கு நிழல் தாங்கும் பெரணி, மருள், மணி பிளான்ட். மாடி கட்டி விளிம்பு 6.5 மீ. ஆனால் டிசம்பர் நிழல் 4.3 மீ. ஆகிவிடும். அப்போது உச்சி வெயில் தரையையே தொடாது. துளசியை மறந்துவிட வேண்டியதுதான்!

நம்பிக்கை இல்லையா? டிசம்பர் 21 அன்று சுமார் 12.15 மணிக்கு 1 மீ. கம்பு ஒன்றை நேராக நட்டு அளந்து பாருங்கள். நிழல் 66 செ.மீ. வரும்.

2. மழை எங்கே போகும்?

திறப்பைச் சுற்றி 1 மீ. அகலக் கூரை உள்நோக்கிச் சரிந்தால், நீர் விழும் பரப்பு 5 × 5 = 25 ச.மீ. ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 1,250 லிட்டர். குழாய் முழுக்க அடைத்துக்கொண்டாலும் 9 ச.மீ. முற்றத்தில் 14 செ.மீ. தண்ணீர்தான் நிற்கும். எனவே முற்றத் தரையைத் தாழ்வாரத்தைவிட 20 செ.மீ. பள்ளமாக வையுங்கள். மேஸ்திரியின் பயத்துக்கு இதுதான் பதில்.

இந்தத் தண்ணீருக்கு 75 மி.மீ. குழாயே போதும். ஆனால் சருகு அடைக்குமே! அதனால் 110 மி.மீ. குழாய், மேலே சல்லடை மூடி, தரைக்கு 100-க்கு 1 வாட்டம். தண்ணீரை ஒரு வண்டல் தொட்டி வழியாக மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எப்படியும் கட்ட வேண்டிய குழிதான் அது. செப்டிக் டேங்கில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

3. மண்ணும் செடியும்

பாத்திக்கு அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணோடு மண்ணாக விடுங்கள். பாத்தியைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் ஓதம் ஏறும், இடைவெளி வேண்டும். அரசு, ஆல் வகை மரங்கள் கூடவே கூடாது. வேர் அஸ்திவாரத்தைப் பதம் பார்த்துவிடும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். வாரம் ஒரு முறையாவது கொட்டிக் காயவிடச் சொல்லுங்கள்.

திருடன் பயம் என்றால் திறப்புக்கு இரும்புக் கிரில் போதும். கண்ணாடி போட்டு மூடினால் வெயில் உள்ளே வரும், சூடான காற்று மேலே போக வழியிருக்காது.

கடைசியாக, "ஒரு ரூம் வருமே" என்ற கேள்வி. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும் மனையில் நடு அறைகளுக்கு ஜன்னல் எங்கே வைப்பது? முற்றத்தை மூடி ஓர் அறை எடுத்தால், சுற்றியுள்ள அறைகளில் பட்டப்பகலிலும் லைட் எரிய வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் பிளானை விரித்து வைத்துச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு முற்றத்தைச் சேர்க்க முடியாது. அது பென்சில் நம் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை!