கனமான கட்டடம் அசையாதா?

நிலநடுக்கச் செய்தி வரும்போதெல்லாம், ‘கட்டடம் கனமாக இருந்தால் அசையாது, எடையே பிடித்துக்கொள்ளும்’ என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் சொன்னால் பொறுக்கலாம், பொறியாளரும் தலையாட்டுவதைப் பொறுப்பதற்கில்லை. புயலில் தகரக் கூரை பறக்க, கருங்கல் வீடு நிற்பதைக் கண்டு பிறந்த நம்பிக்கை இது. காற்றின் விசை வெளியிலிருந்து வருவது. நிலநடுக்க விசையோ, அடித்தளம் நகரும்போது மேலேயுள்ள பொருண்மை உடன் நகர மறுப்பதால் கட்டடத்துக்குள்ளேயே பிறப்பது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில், மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில், உறங்கிக்கொண்டிருந்தவர்களை நசுக்கியவை பருமனான கல் சுவர்களும் மரச்சட்டங்களின் மேல் கனக்கப் பரப்பிய மண் கூரைகளுமே.

எடை கூடினால் அலைவுக் காலம், அதாவது கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம், நீண்டு விசை தணியும் என்று அரைகுறையாகப் படித்தோர் வாதிடுவர். விறைப்பு மாறாதிருக்க எடை நான்கு மடங்கானால் காலம் இரு மடங்காகும் என்பதும், அதனால் முடுக்கம் பாதியாகக் குறையக்கூடும் என்பதும் மெய்யே. ஆனால் நான்கு மடங்கு எடையைப் பாதி முடுக்கத்தால் பெருக்கினால் விசை இரு மடங்காகிறதே தவிரக் குறையவில்லை.

அதோடும் முடிவதில்லை. கட்டடம் சாய்ந்ததும் மேல்தளங்களின் சுமை தூணின் அடிக்கு நேர்மேலே நில்லாமல் விலகி, அதை மேலும் சாய்க்கிறது; இதுவே பி-டெல்டா விளைவு. ஒரு தளத்தின் உயரம் 3 மீட்டர், மேலிருந்து இறங்கும் சுமை 1,000 டன், பக்கவாட்டு விசை 50 டன், விலகல் இந்திய நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893 அனுமதிக்கும் உச்சமான 12 மில்லிமீட்டர் என்று கொண்டு, சுமை-விலகல் பெருக்கத்தை விசை-உயரப் பெருக்கத்தால் வகுத்தால் 0.08 கிடைக்கும், அதாவது அத்தளத்தின் விறைப்பில் 8 விழுக்காட்டை எடை தின்றுவிட, விலகல் 13 மில்லிமீட்டரைத் தொடும், எல்லாத் தளங்களிலும் நிலைமை இதுவேயானால் அலைவுக் காலம் 4 விழுக்காடு நீளும். இந்த ஈவு 0.10-ஐத் தாண்டினால் விளைவைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறது அமெரிக்க விதிநூல். கம்பிகள் இளகத் தொடங்கிய பிறகு விறைப்பு சரிவதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஐ.எஸ். 1893 தரும் அலைவுக் காலச் சூத்திரத்தில் உயரம் மட்டுமே இருப்பதால் எடை பொருட்டல்ல என்பது இன்னொரு பிழை. 30 மீட்டர்க் கான்கிரீட் சட்டகத்துக்கு அது தரும் 0.96 நொடி தோராய மதிப்பே, எடையோ அடித்தள விசையை, அதாவது கட்டடத்தின் அடியில் சேரும் மொத்தப் பக்கவாட்டு விசையைக் கணக்கிடும்போது முழு உருவில் வந்து நிற்கும். அந்த எடையில் வீட்டுச் சாமான், ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் முழுமையாகச் சேர்க்கவேண்டும் என்பதும் தவறு. சதுர மீட்டருக்கு 300 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமையில் 25 விழுக்காடு போதும்.

இந்தச் சலுகையைக் காட்டித்தான் மொட்டை மாடித் தோட்டங்கள் எழுகின்றன. 100 சதுர மீட்டர் மாடியில் 20 சென்டிமீட்டர் ஈரமண் பரப்பினால் ஏறக்குறைய 36 டன். அதைத் தாங்கும் 12.5 சென்டிமீட்டர்க் கான்கிரீட் தளத்தின் எடையே சுமார் 31 டன்தான். மண் நிலையான சுமை. கட்டடத்தின் உச்சியில் ஏறிய அந்த 36 டன்னும் முழுதாகக் கணக்கில் ஏறவேண்டும்.