யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ

தேஹு ரோடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புனே ஹிஞ்சவடியில் வேலைக்குச் சேர்ந்து ராவேத்தில் அறை எடுத்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். கூடவே, உன் போனில் டேட்டிங் ஆப் இருப்பதைப் பார்த்துவிட்டதாகவும், "நீயாவது அவனைக் கண்டித்து எழுது" என்றும் சொன்னாள். கண்டிக்க நான் எழுதவில்லை. மொழி தெரியாத ஊருக்கு வந்த வயசுப் பையன் பழக ஒரு துணை தேடுவதில் என்ன தப்பு? எங்கள் காலத்தில் தரகர் கொண்டுவந்த வரனை நாலு பேரிடம் விசாரிக்காமல் யாரும் கை நனைத்ததில்லை. ஆப் கொண்டுவரும் ஆளை விசாரிக்க அந்த நாலு பேர் இல்லை. என் கவலை அது ஒன்றுதான்.

இந்தப் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் போலீசார் 27 வயதுப் பெண் ஒருத்தியைக் கைது செய்தார்கள். டிண்டரிலும் பம்பிளிலும் ஆண்களோடு பழகி, நேரில் சந்தித்து, குடிக்கும் பானத்தில் மயக்க மருந்து கலந்துகொடுத்து, அவர்கள் நினைவிழந்து கிடக்கும்போது நகையையும் பணத்தையும் எடுத்துப் போனாள் என்பது வழக்கு. புகார் கொடுத்தவர்களில் ஒருவர் நம் சென்னைக்காரர். எங்கள் தேஹு ரோடு ஸ்டேஷனிலும் ஒரு புகார் பதிவானது. கடைசியில் போலீசாரே ஆப்பில் பொய்க் கணக்கு தொடங்கி, பேசி வரவழைத்துப் பிடித்தார்கள். ஏமாந்தவர்கள் 16 பேர் என்று அப்போது பேப்பரில் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே இல்லை.

என்னை உறுத்துவது அந்தக் கடைசி விஷயம்தான். முதலில் ஏமாந்த ஒருவர் அன்றைக்கே வாய் திறந்திருந்தால் அடுத்தடுத்து இத்தனை பேர் விழுந்திருப்பார்களா? வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று இவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்ற தைரியத்தில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

பெண் என்பதால் அவளை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. பெண்களுக்கு நடப்பது இதைவிடக் கொடுமை. பொள்ளாச்சியில் பேஸ்புக்கில் நட்பாகப் பேசிப் பெண்களை வரவழைத்து, வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலை நீ மறந்திருக்க மாட்டாய். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரி ஒருவரே வெளியே சொன்ன அநியாயமும் நடந்தது. பிறகு எப்படி மற்றவர்களுக்குத் துணிச்சல் வரும்? ஆனாலும் பாதிக்கப்பட்ட பெண்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. நீ பழகப்போகும் பெண்ணுக்கும் உன்னைப் பார்த்து இந்தப் பயம் இருக்கும். அவள் தோழியோடு வந்தாலோ, உன் முழு விவரம் கேட்டாலோ முகம் சுளிக்காதே.

முதல் சந்திப்பு பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில் இருக்கட்டும். இடத்தை நீ சொல். எதிராளி ஒரே ஒரு பாருக்குத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் போகாதே. டெல்லி, மும்பை, ஹைதராபாத் எல்லா ஊரிலும் இப்படிக் கூட்டிப்போய் ஆயிரக்கணக்கில் பில் தீட்டி, வாசலில் ஆள் நிறுத்திப் பணம் வாங்கியிருக்கிறார்கள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து அதைத் தொடாதே, புதிதாக வாங்கிக்கொள். முதல் நாளே அறைக்குக் கூட்டி வராதே. யாரைப் பார்க்கப் போகிறாய், எங்கே என்று அறை நண்பனிடமோ என்னிடமோ ஒரு வரி அனுப்பிவிட்டுக் கிளம்பு. லைவ் லொகேஷன் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பல இலவச ஆப்களில் ஒரு சிம் கார்டு இருந்தால் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம். நீல டிக் இருப்பதால் நம்பிவிடாதே. போட்டோவில் இருப்பது அந்த முகம்தான் என்பதற்கு மேல் பெரும்பாலும் அது எதுவும் சொல்லாது. வேலை, கல்யாணம், பெயர் எல்லாம் அவர்கள் எழுதியதுதான். உன் வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தில் தொங்கும் அட்டையில் கம்பெனி பெயரும் உன் முழுப் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. இன்றைக்கே மாற்று. அதே படத்தை ஆப்பிலும் போட்டிருந்தால், உன் பெயரையும் ஆபீஸையும் கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது.

குரூப்புகளிலும் இதே கதைதான். வீடு தேட, ஊர்க்காரர்களோடு பேச என்று கண்ட லிங்கில் எல்லாம் சேராதே. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தவுடன் அங்கே இருக்கும் எல்லோருக்கும் உன் நம்பர் தெரிந்துவிடும். உன் கான்டாக்ட்டில் இருப்பவர்கள் மட்டும் உன்னைக் குரூப்பில் சேர்க்கும்படி செட்டிங்கை மாற்றிவை. குரூப்பிலோ ஆப்பிலோ பழகியவர் இரண்டாம் வாரமே பங்குச் சந்தை, கிரிப்டோ என்று பேச்சைத் திருப்பினால் அன்றோடு நிறுத்து.

தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தால் எடுக்கவே எடுக்காதே. அந்தப் பக்கம் ஒரு பெண் உடையில்லாமல் இருப்பாள். உன் முகத்தையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்வார்கள். மறுநாள் "சிபிஐ அதிகாரி" என்று ஒருவன் மிரட்டுவான். 2022-ல் இதே புனேயில் 19 வயது மாணவன் ஒருவன் இப்படிப்பட்ட மிரட்டல் தாங்காமல் உயிரை விட்டான். பணம் கொடுத்தும் அவனை மிரட்டுவதை அவர்கள் நிறுத்தவில்லை. வீட்டில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இன்று இருந்திருப்பான் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டுக்கு வரும்போது இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இது ராணுவ டெப்போ இருக்கும் ஊர். டெப்போ வாசல், குவார்ட்டர்ஸ், வண்டிகள் தெரியும்படி போட்டோ எடுக்காதே. நான் என்ன வேலை பார்த்தேன் என்று ஆன்லைனில் பழகியவர்களிடம் சொல்லாதே. 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை 89 ஆப்களை நீக்கச் சொன்னது. டிண்டரும் அதில் உண்டு. 2023 மே மாதம் புனே திகியில் டிஆர்டிஓ ஆய்வகத்தின் இயக்குநர் பிரதீப் குருல்கரையே பயங்கரவாதத் தடுப்புப் படை கைது செய்தது. "ஸாரா தாஸ்குப்தா" என்ற பெயரில் பழகிய பாகிஸ்தான் உளவாளியிடம் ரகசியங்களைப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. குற்றமா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஓய்வு பெறும் வயதில் இருந்த பெரிய விஞ்ஞானிக்கே வலை வீசுகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வை.

இவ்வளவு சொல்லியும் ஏதாவது நடந்துவிட்டால், ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. மெசேஜ், நம்பர், யூபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய். பயத்தில் சாட் பதிவை அழித்துவிடாதே, அதுதான் சாட்சி. பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடி. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் எழுதலாம். படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டினால் ஸ்டாப்என்சிஐஐ தளம் இருக்கிறது. அங்கே உன் படம் போனைவிட்டு வெளியே போகாது, அதிலிருந்து கணக்கிட்ட குறியீடு மட்டும் போகும். அதை வைத்து பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்தப் படம் ஏறாமல் தடுக்கும்.

ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தால் தனியாகப் போகாதே, நான் வருகிறேன். எனக்கு மராத்தி நன்றாக வரும். ராத்திரி இரண்டு மணியானாலும் போன் செய். "ஏன்டா போனாய்" என்று நானோ உன் அத்தையோ ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். உன் அம்மாவிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீயும் நானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா.

அன்புடன்,
உன் மாமா