ஒரு மழை, நாலு பாடம்

போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி தங்கைமாருக்கு: நடப்பு விவகாரம்



கிராம உத்தியோகத்தர் வேலைக்கோ வேறு அரசாங்க வேலைக்கோ போட்டிப் பரீட்சை எழுதப் போகும் நம்ம பிள்ளைகள் கணக்குக்குப் பயப்படுவதில்லை. பொது அறிவு என்றதும்தான் முகம் வாடிப் போகிறது. "அது டவுன் புள்ளைகளுக்கு சார். அவங்க பேப்பர் வாசிப்பாங்க, டியூசன் போவாங்க. எங்களுக்கு எங்க?" என்பார்கள்.

அண்மையில் ஒரு தோட்டத்தின் மாலை வகுப்பில் மாதிரிப் பரீட்சை ஒன்று வைத்தோம். 'மண்சரிவு எச்சரிக்கையின் மூன்று நிறங்கள் எவை?' என்பது ஒரு கேள்வி. ஒரு தங்கச்சி அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டோம். "எங்க லயத்துக்கே சிவப்பு வந்திச்சு சார். ராவோட ராவா ஸ்கூலுக்குப் போய்ப் படுத்தோம். ஆனா அது பேப்பர்ல கேட்கிற விசயம்னு நெனைக்கல்ல" என்றாள்.

அந்தப் பதில்தான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது. நாம் கண்ணால் பார்த்து, உடம்பால் அனுபவித்த விசயமே நடப்பு விவகாரம். அதற்குப் பெயர், திகதி, சட்டம், காரணம் ஆகிய நாலையும் சேர்த்துக்கொண்டால் அது விடையாகிவிடும். 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியை மட்டும் எடுத்துக்கொண்டு விஞ்ஞானம், ஆட்சி, பாதுகாப்பு, கல்வி என்ற நாலு பகுதிக்கும் எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

1. விஞ்ஞானம்

நம்ம பக்கத்துக் கடலில் காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 62 கிலோமீற்றரைத் தாண்டினால்தான் அதற்குச் சூறாவளி என்று பெயர் வைப்பார்கள். வட இந்து சமுத்திரத்தைச் சுற்றியுள்ள 13 நாடுகள் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்து வைத்திருக்கின்றன. இலங்கையும் அதில் ஒரு நாடு. 'டித்வா' யேமன் நாடு கொடுத்த பெயர். அந்த நாட்டின் சொகோத்ரா தீவில் உள்ள ஒரு கடல்நீர் ஏரியின் பெயர் அது. 2025 நவம்பர் 28 ஆம் திகதி இந்தச் சூறாவளி கிழக்குப் பக்கமாகக் கரை தொட்டு நாட்டுக்குள் நகர்ந்தது. 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்கள் பெரிய அடி வாங்கின. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளியையும் இதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மலைநாட்டில் ஆளைக் கொன்றது காற்றை விட மழையும் மண்ணுந்தான். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. மலை ஏன் சரிகிறது? சாதாரண நாளில் மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் உள்ளே இறங்க இறங்க மண்ணின் பாரம் கூடும். துகள்களுக்கு இடையில் நிறைந்த தண்ணீர் அவற்றைத் தள்ளிப் பிரிக்கும், பிடி தளர்ந்துவிடும். பிறகு சரிவு தன் பாரத்தாலேயே இறங்கும். கான் அடைபட்டுக் கிடந்தால் வழிந்தோட வேண்டிய தண்ணீரும் மண்ணுக்குள்ளேதான் போகும். கான் வெட்டுவது தேயிலைக்கு மட்டுமல்ல, லயத்துக்கும் பாதுகாப்பு.

மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மழை பற்றிய முன்னறிவிப்பைக் கொடுப்பது வளிமண்டலவியல் திணைக்களம். இரண்டையும் மாற்றி எழுதி வினாத்தாளில் புள்ளியை விடுகிறவர்கள் நிறையப் பேர். எச்சரிக்கைக்கு மூன்று படி உண்டு.

மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டிய மழை.
செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். 100 மில்லிமீற்றரைத் தாண்டிய மழை.
சிவப்பு: உடனே வெளியேறுங்கள். 150 மில்லிமீற்றரைத் தாண்டிய மழை.

ஞாபகம் வைக்க லேசான வழி இருக்கிறது. ஓர் அங்குலம் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர். அப்படியானால் மூன்று, நாலு, ஆறு அங்குலம். வாயும் அடியும் ஒரே அளவான, நேரான தகரப் பேணி ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். லயத்துக்கு ஒரு பிள்ளை இதைச் செய்தால் போதும். பேணியில் மூன்று அங்குலம் நின்றால் எல்லாரும் விழிப்பாக இருக்க வேண்டும். மழை விடாமல் கொட்டும் நாளில் காலை வரைக்கும் காத்திருக்காமல் இடையிடையே பாருங்கள். சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் எதைக் கண்டாலும் அளவு பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்த எச்சரிக்கை ஆட்களை இடம் மாற்றவில்லை என்றால் அதனால் பயன் இல்லை. இது பரீட்சைக்கு அப்பாலும் நாம் படிக்க வேண்டிய பாடம்.

2. ஆட்சி

2025 நவம்பர் 28 அன்று ஜனாதிபதி நாட்டில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். எந்தச் சட்டத்தின் கீழ்? 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அந்தப் பிரகடனத்துக்குப் பாராளுமன்றம் 14 நாளுக்குள் அங்கீகாரம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அது செல்லாமல் போய்விடும். ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு, அந்த அதிகாரத்துக்குக் கடிவாளமும் உண்டு என்பதை விளங்கிக்கொண்டால் கேள்வி எந்தப் பக்கமாக வந்தாலும் எழுதலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த தேசிய பேரவைக்குத் தலைவர் ஜனாதிபதி. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். அதன் அவசர தொலைபேசி இலக்கம் 117. நிலையத்திலிருந்து மாவட்டச் செயலகம், அங்கிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து கிராம உத்தியோகத்தர் என்று செய்தி இறங்கி வரும். கடைசிப் படியில் நிற்கும் கிராம உத்தியோகத்தர் நம்ம பாசையில் பேசினால் லயத்துக்குச் செய்தி சரியாக வந்து சேரும். அந்தக் கதிரையில் நம்ம பிள்ளை ஒன்று உட்கார வேண்டும் என்று நாங்கள் விடாமல் சொல்லுவது இதனால்தான். 1987 இல் வந்த 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே எச்சரிக்கையைத் தமிழில் கேட்பது உரிமை, தயவு அல்ல.

இன்னொரு சட்டத்தையும் கொப்பியில் எழுதுங்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்த தடையினால், தோட்டத்துக்குள்ளே பாதை, கான், தண்ணீர் போன்ற வேலைகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவது பல வருசம் சிக்கலாக இருந்தது. வாக்குப் போட்டோம், ஆனால் பாதை வரவில்லை. 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டங்களுக்கும் சபை சேவை செய்ய வழி பிறந்தது. 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அடைபட்ட கானைப் பற்றிச் சபை உறுப்பினரிடம் கேட்கப் போகும்போது இந்த 2018 திருத்தத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

3. பாதுகாப்பு

பாதுகாப்பு என்றால் யுத்தம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சூறாவளி நேரத்தில் முப்படையும் மீட்பு வேலையில் இறங்கின. முப்படைகளின் தளபதி ஜனாதிபதி. இராணுவம் 1949 ஒக்டோபர் 10, கடற்படை 1950 டிசம்பர் 9, விமானப்படை 1951 மார்ச் 2 என்று ஆரம்ப நாட்களை எழுதி வையுங்கள். 2025 இல் கடற்படைக்கு 75 வருசம் நிறைந்தது. அந்த விழாவுக்காகக் கொழும்புக்கு வந்திருந்த இந்திய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் நிவாரணப் பொருள்களைக் கையளித்தது. இந்தியாவின் அந்த உதவி நடவடிக்கைக்கு 'சாகர் பந்து' என்று பெயர். அதே வருசம் ஏப்ரல் 5 அன்று இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருந்தன.

நவம்பர் 30 அன்று லுணுவில பகுதியில் நிவாரணப் பணியில் இருந்த விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் விழுந்து விமானி உயிர் இழந்தார். திகதியை எழுதும்போது அவரையும் நினைத்துக்கொள்வோம்.

4. கல்வி

2025 ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை நவம்பர் 10 அன்று ஆரம்பமானது. மழை வெள்ளத்தால் இடையில் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்தன. படித்த கொப்பியை மண்ணுக்குப் பறிகொடுத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து எழுதிய பிள்ளைகளுக்கு எங்கள் பாராட்டு.

இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் தந்தை என்று சொல்லப்படுபவர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. ஆனால் நம்ம தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நாம் பிந்தித்தான் புறப்பட்டோம். இதைத் தெரிந்துகொண்டால், பின்தங்கியதற்குக் காரணம் நம்ம பிள்ளைகளின் மூளை அல்ல என்பது விளங்கும். கல்வி அமைச்சரைப் பற்றியும் கேட்பார்கள். 2024 நவம்பர் 18 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் பிரதமரான ஹரிணி அமரசூரியவே கல்வியையும் பொறுப்பேற்றார். சிறிமாவோ பண்டாரநாயக்க, சந்திரிகா குமாரதுங்க ஆகியோருக்குப் பிறகு இலங்கையின் மூன்றாவது பெண் பிரதமர் அவர்.

எப்படிப் படிப்பது?

பழைய கொப்பி ஒன்று போதும். ஒரு செய்திக்கு ஒரு பக்கம். என்ன நடந்தது, எப்போது, யார் பொறுப்பு, எந்தச் சட்டம், ஏன், நமக்கு என்ன என்ற ஆறு கேள்விக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். கடையில் சாமான் சுற்றி வந்த பேப்பர்த் துண்டும் உதவும். ஆனால் அது எந்த நாள் பேப்பர் என்று பார்க்காமல் எழுத வேண்டாம். கொழுந்து எடுத்துக் களைத்து வந்த அம்மா ரேடியோச் செய்தி கேட்கும்போது பக்கத்தில் இருந்து நீங்களும் கேளுங்கள். பிறகு அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள். அடுத்த ஆளுக்கு விளங்கப்படுத்தியது மறக்காது.

இன்னொரு எச்சரிக்கை. முன்மொழிவு வேறு, நடைமுறை வேறு. 2025 நவம்பர் 7 அன்று சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், 1,350 ரூபா நாட்சம்பளத்தை 1,550 ஆக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்துக் கொடுக்கவும் முன்மொழிந்தார்கள். முன்மொழிந்த நாள், ஒப்புக்கொண்ட நாள், கைக்குக் காசு வந்த நாள், இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பழகுங்கள். பரீட்சைக்கும் நல்லது, சம்பளச் சிட்டையைப் பார்க்கவும் நல்லது.

பயிற்சி

1. டித்வா என்ற பெயரைக் கொடுத்த நாடு எது?
2. மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடும் நிறுவனம் எது?
3. சிவப்பு எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?
4. அவசரகாலப் பிரகடனத்துக்குப் பாராளுமன்றம் எத்தனை நாளுக்குள் அங்கீகாரம் கொடுக்க வேண்டும்?
5. தமிழை அரசகரும மொழியாக்கிய திருத்தம் எது?
6. முப்படைகளின் தளபதி யார்?

விடைகள்: 1. யேமன். 2. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 3. உடனே வெளியேற வேண்டும். 4. 14 நாள். 5. 13 ஆவது திருத்தம். 6. ஜனாதிபதி.

ஆறும் சரி என்றால் சந்தோசம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெளியேறி எங்கே போவது, எந்தப் பாதையால் போவது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது? இதை இன்றைக்கு இராத்திரியே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அந்த விடையை வினாத்தாள் கேட்காது, அடுத்த மழை கேட்கும்.