சாக்குப் பையில் சத்தான கீரை!

காலையில் தெருவில் கீரைக்காரம்மா குரல் கேட்டதும் ஓடிப்போய் கட்டைப் பிரித்துப் புரட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லாமல் பளபளவென்று இருந்தால் என்ன சொல்வீர்கள்? ‘‘நல்ல கீரை!’’ என்றுதானே? அடுத்த நிமிஷமே, ‘‘புழுவே தொடலைன்னா, அதுக்கு என்னத்தை அடிச்சாங்களோ, எந்தத் தண்ணியில அலசினாங்களோ...’’ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

‘‘நமக்குன்னு ஒரு துண்டு மண் இருந்தா நாமே போட்டுக்கலாம். இருக்கறது ரெண்டு பெட்ரூம் வீடு. எங்கே போறது?’’ என்று பெருமூச்சு விடுபவரா நீங்கள்? உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. மண் வேண்டாம், வெயில் விழும் ஒரு மூலை போதும். அரிசி வாங்கினால் சும்மா கிடைக்கிற காலிச் சாக்குதான் உங்கள் தோட்டம்!

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இதில் வசதியான வீட்டுப் பெண்களும் அடக்கம். ஒரு நாளைக்கு ஒருவர் பழமும் காய்கறியுமாக குறைந்தது 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்!

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அந்தக் கணக்குப்படி நாளொன்றுக்கு 1 கிலோ 600 கிராம் வேண்டும். மாதத்துக்கு 48 கிலோ! பத்து சாக்கு வைத்துக்கொண்டு மார்க்கெட்டையே மறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வாரம் ஒரு நாள் மருந்தடிக்காத கீரை, தினமும் கிள்ளிக்கொள்ள கறிவேப்பிலை, புதினா, இடையிடையே வெண்டைக்காய், மிளகாய்... இது நிச்சயம் நடக்கும். வீட்டில் கீரை முளைத்து நின்றால், ‘‘இன்னிக்கு ஆய நேரமில்லை’’ என்று தட்டிக்கழிக்கவும் மனசு வராது.

இது பட்டணத்து வேடிக்கையும் அல்ல. கென்யாவின் தலைநகர் நைரோபியில் கிபேரா என்று ஒரு பெரிய குடிசைப் பகுதி. அங்கே 2008 வாக்கில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் பெண்களுக்கு சாக்குத் தோட்டம் போடக் கற்றுக்கொடுத்தது. சாக்கின் நடுவே கல்லை நிரப்பி, பக்கங்களில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நாற்றாக ‘சுகுமா விக்கி’ என்ற கீரையை நட்டார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு ‘வாரத்தைத் தள்ளு’ என்று அர்த்தம். கையில் காசு இல்லாத நாட்களை ஓட்டும் கீரை! தமிழ்நாட்டிலும் 2013-14ல் சென்னை, கோவை நகரங்களில் மாடித் தோட்டப் பைகளை மானிய விலையில் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது.

எந்தச் சாக்கு?

25 கிலோ அரிசிச் சாக்கு ரொம்பத் தோது. உரமோ பூச்சிமருந்தோ வந்த சாக்கு வேண்டவே வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் சரி. சணல் சாக்கு நனைந்து நனைந்து சீக்கிரம் மக்கிவிடும். பிளாஸ்டிக் இழைச் சாக்கு நம்ம ஊர் வெயிலில் நாளடைவில் நார்நாராகப் பிய்ய ஆரம்பிக்கும். தொட்டால் உதிர்கிறது என்றால் உடனே மாற்றிவிடுங்கள். அந்தத் துகள் மண்ணில் கலக்க வேண்டாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்கள் வெயில் தாங்கும் செடிப் பைகளை நர்சரியில் வாங்கிக்கொள்ளலாம்.

மண் கலவை

சாக்கு நிறைய வெறும் மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் 50 கிலோ வரை கனக்கும். மாடியும் பாவம், உங்கள் இடுப்பும் பாவம்! அதனால்:

* செம்மண் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு.
* சாக்குக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு.

நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். ஊற வைத்து, இரண்டு முறை தண்ணீரை வடித்துவிட்டுச் சேருங்கள். கலவையைத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் நிழலில் வைத்த பிறகு விதைக்கலாம்.

சாலையோரம், மெக்கானிக் ஷெட், பழைய பேட்டரி கிடந்த இடம், பழைய பெயின்ட் உதிர்ந்த சுவர் ஓரம்... இங்கிருந்தெல்லாம் மண் அள்ளாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். இலைமேல் படிந்த தூசி கழுவினால் போகும். வேர் வழியாக இலைக்குள் ஏறிய ஈயம் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது அதுதான்.

படுக்கைச் சாக்கும் நிற்கும் சாக்கும்

கீரைக்குப் படுக்கைச் சாக்கு. முக்கால் பாகம் கலவையை நிரப்பி, வாயைத் தைத்து, தலையணை போலப் படுக்கப் போடுங்கள். அடியில் பென்சில் கனத்தில் ஏழெட்டு ஓட்டை. மேல்பக்கம் ஜன்னல் மாதிரி வெட்டித் திறந்தால் பாத்தி தயார்! நாலைந்து அங்குல ஆழம் கீரைக்குப் போதும்.

வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நிற்கும் சாக்கு. சட்டைக் கையை மடிக்கிற மாதிரி வாயை வெளிப்பக்கம் மடித்துவிட்டு, முக்கால் உயரம் நிரப்புங்கள். சாக்குக்கு ஒரு செடி, மிஞ்சிப் போனால் இரண்டு. ஆசைப்பட்டு நாலு வைத்தால் நாலும் நோஞ்சானாகும்.

எதைப் போட்டாலும் சாக்கைத் தரையோடு தரையாக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். சுவர் ஓரமாகப் பரவலாக அடுக்குங்கள். ஏற்கெனவே ஒழுகுகிற மாடி என்றால் முதலில் மராமத்து, பிறகு தோட்டம். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்!

வாரா வாரம் கீரைக்கு ஒரு சூத்திரம்

பலரும் செய்வது என்ன? இருக்கிற எல்லாச் சாக்கிலும் ஒரே நாளில் விதைப்பது. ஒரே நாளில் எல்லாம் அறுவடைக்கு வரும். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நாலு படுக்கைச் சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு முதல் சாக்கில் சிறுகீரை. அடுத்த ஞாயிறு இரண்டாவது. இப்படியே நாலு வாரம். சிறுகீரை 25, 28 நாளில் பறிப்புக்கு வரும். ஐந்தாவது ஞாயிறு முதல் சாக்கைப் பறியுங்கள், ஒரு கை உரம் சேருங்கள், மறுபடி விதையுங்கள். நன்றாக வந்தால் ஒரு சாக்கு, நாலு பேருக்கு ஒரு வேளைப் பொரியலுக்குத் தேறும்.

கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் மூடி, பூவாளியால் தெளியுங்கள். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக்கும் புதினாவுக்கும் விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டை நட்டாலே போதும். வெண்டையை நேரடியாக விதைக்கலாம். 45 நாளில் காய் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்று விட்டு, 25, 30 நாளில் எடுத்து நடுங்கள்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றார்கள் பெரியவர்கள். காய்களுக்கு ஆடியும் தையும் நல்ல பட்டம். கோடையில் மட்டும் நிழல் வலை கட்டிவிடுங்கள்.

தண்ணீரும் பூச்சியும்

விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். சாக்குக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டும் ஒரு வாரமும் போதும்! சத்துக்குத் தோட்டம் போட்டு காய்ச்சலில் படுக்கலாமா?

அசுவினி, மாவுப்பூச்சி தெரிந்தால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். இரண்டு ஓட்டை விழுந்தால் விழட்டும், பரவாயில்லை. புழு தின்ற இலையை நீங்களும் தின்னலாம் என்று அர்த்தம்!

அடுக்களையில் கவனிக்க...

* வீட்டுக் கீரையானாலும் மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள்.
* கீரையை வேக வைத்துத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.
* சிறுநீரகக் கல் வந்தவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க ‘வார்ஃபரின்’ மாத்திரை சாப்பிடுபவர்களும் கீரையின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.
* மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் ‘‘கீரை சாப்பிடுறேனே, சரியாயிடும்’’ என்று இருந்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீரை உணவுதான், ரத்தசோகை முற்றியவர்களுக்கு மாத்திரையும் தேவைப்படும்.
* மண்ணில் வேலை செய்யும்போது கையுறை போடுங்கள். ஆணியோ கம்பியோ கீறினால் தடுப்பூசி பற்றி டாக்டரைக் கேளுங்கள். சாக்கை ஒரே ஆளாகத் தூக்காதீர்கள். வைக்கிற இடத்திலேயே வைத்து நிரப்புங்கள்.

என்ன, சமையலறை மூலையில் மடித்து வைத்த சாக்கு கண்ணில் படுகிறதா? எடுத்த எடுப்பில் பத்து வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சாக்கு, ஒரு கைப்பிடி விதை. விதைப்பதைக் குழந்தைகள் கையால் செய்யச் சொல்லுங்கள். தட்டில் கீரையைக் கண்டாலே முகம் சுளிக்கிற வாண்டுகூட, ‘‘இது நான் போட்டது!’’ என்று ஒரு வாய் கூடக் கேட்கும்!