மில்லரை இழுக்கப் போகும் வண்டி

கன்னங்குறிச்சி, சேலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நீ சொந்தமாக கான்கிரீட் கலக்கும் மில்லர் மெஷின் வாங்கித் தளம் போடும் வேலை எடுக்கப் போகிறாய், அதற்கு ஒரு பிக்கப் வேண்டும் என்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். எது மைலேஜ் கொடுக்கும், எது நல்லா இழுக்கும் என்று என்னிடம் கேட்கச் சொன்னாயாம். போனில் சொன்னால் காதோடு போய்விடும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை படிக்கட்டும் என்றுதான் கடிதமாகவே எழுதுகிறேன்.

நீ கேட்டதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இழுப்பதைக் கேட்டாய், நிறுத்துவதைக் கேட்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டு மாலையில் இறங்கினோம். அன்று என்னிடம் இருந்தது ஒரு சின்ன வண்டி. மேலே ஏறும்போது முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கி முக்கி ஏற்றிவிட்டது. ஏறிவிட்டதே, இறங்குவதா கஷ்டம் என்று நினைத்தேன். மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினேன். சேலத்துப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாறு தாண்டுவதற்குள் பிரேக் லைனிங் கருகும் நெடி உள்ளே வந்துவிட்டது. அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின்னால் கட்டியிருந்த மில்லர் வண்டியை முன்னால் தள்ளுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் கத்தக் கத்தத் தள்ளி, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். கூட வந்த பையன் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். டிரம் சிவக்கச் சூடாகிப் புகைந்தது. அவன் குடத்துத் தண்ணீரை ஊற்றப் போனான், வேண்டாம் என்று தடுத்தேன். காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும்.

அதற்குப் பிறகுதான் மில்லரை வண்டியோடு இணைக்கும் இழுகம்பியில் மாட்டியிருந்த பின்னைப் பார்த்தேன். அது பின்னே இல்லை. சைட்டில் கிடந்த 16 எம்.எம். முறுக்குக் கம்பித் துண்டு. அவசரத்துக்கு நான்தான் சொருகியிருந்தேன். மடக்கிய விரல் மாதிரி வளைந்திருந்தது. இன்னும் நாலு வளைவு போயிருந்தால் மில்லர் தனியாகக் கழன்று, கீழே வரும் பஸ் மேல் போயிருக்கும். அந்த நினைப்பு இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. வண்டி மேல் குறையில்லை, தப்பு முழுக்க என்னுடையது.

நீ கொல்லிமலை வேலையும் எடுப்பேன் என்கிறாய். அங்கே காரவள்ளியிலிருந்து 70 வளைவு. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். மில்லருக்கு ஸ்பிரிங் கிடையாது, பிரேக் கிடையாது. அதன் எடை மொத்தமும் உன் வண்டியின் நாலு சக்கரப் பிரேக் மேல்தான் விழும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இன்ஜினே பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டு மிதி. இன்ஜின் பெரிதாக இருந்தால் ஏற்றத்துக்கு மட்டும் லாபம் என்று நினைக்காதே, இறக்கத்திலும் அதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

இனி வண்டிக்கு வருகிறேன். டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். குட்டியானை என்று பேர் வைத்து ஊரே வாங்கியது. தண்ணீர் கேன், காய்கறி, பிளைவுட் என்று ஊருக்குள் ஓட்ட அதைவிடக் கையடக்கமான வண்டி இல்லை. ஆனால் மில்லரைக் கட்டி இழுப்பது அதன் வேலை அல்ல. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று சமவெளியிலேயே வேலை பார்ப்பதாக இருந்தால் அது போதும், டீசலும் மிச்சமாகும். மலைக்குப் போவது உறுதி என்றால் மகிந்திரா பொலேரோ பிக்கப் மாதிரி இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின், இல்லையென்றால் டாடா யோதாவின் 2.2 லிட்டர் இன்ஜின். யோதாவில் டார்க் 250 நியூட்டன் மீட்டர். ஷோரூமில் குதிரைத்திறனைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நீ டார்க் எவ்வளவு, எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று கேள். 1,500 சுற்றுக்குப் பக்கத்திலேயே முழு டார்க் கிடைக்கும் வண்டிதான், மேட்டில் நிறுத்திய மில்லரைக் கிளட்ச் கருகாமல் கிளப்பும்.

மைலேஜ் விஷயத்தில் உன் கணக்கும் என் கணக்கும் வேறு. கம்பெனி சொல்வது சோதனைக் கூடத்தில் கிடைக்கும் மைலேஜ். நீ ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டிக்கு 67 லிட்டர் ஆகும், 12 கொடுக்கும் வண்டிக்கு 83 லிட்டர். வித்தியாசம் 16 லிட்டரைச் சுற்றி. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,500 ரூபாய்தான். சின்ன வண்டியை மில்லரோடு மேடு ஏற்றினால் அந்த 15 நிற்கவே நிற்காது. வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும். வருடத்துக்கு ஒரு கிளட்ச் செட் மாற்றி, அதற்காக இரண்டு நாள் ஆட்களைச் சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுத்தால், மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கே போய்விடும். ஆகவே மில்லர் கட்டிய வண்டிக்கு என்ன மைலேஜ் என்று, ஏற்கெனவே ஓட்டுகிறவர்களிடம் கேள். டேங்கை முழுக்க நிரப்பி, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பிப் பார்த்தவன் சொல்வதை மட்டும் நம்பு. மீட்டரில் காட்டுகிறது என்று சொல்பவன் கணக்கு வேண்டாம்.

டீசலை உண்மையில் தின்பது இன்னொன்று. சைட்டில் ஏ.சி. கேபினில் உட்காரவோ போன் சார்ஜ் போடவோ இன்ஜினை ஓட விட்டுவிடுவார்கள். மணிக்கு அரை லிட்டர் அப்படியே போகும். பி.எஸ். 6 வண்டிகளில், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. ரெண்டு கிலோமீட்டர் ஓடுவது, நிற்பது, ஐடிலில் ஓடுவது என்றே இருந்தால் அது அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். வாரம் ஒரு தடவையாவது பைபாஸில் அரைமணி நேரம் சீராக ஓட்டு.

சி.என்.ஜி. வண்டி பற்றி ஒரு வரி: ஊருக்குள் சரி. மலைக்கு வேண்டாம்.

எடையை எழுதிவிடுகிறேன், இதில் கண்ணை மூடாதே. பின்தட்டில் 20 மூட்டை சிமெண்ட் ஏற்றினால் அதுவே ஒரு டன். அதற்கு மேல் சென்ட்ரிங் தகடு, வைப்ரேட்டர், டீசல் கேன். பின்னால் மில்லரின் இழுகம்பி வேறு வண்டியின் வாலை அமுக்கும். வால் அமுங்கினால் முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பும். அது நல்ல அறிகுறி இல்லை, முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சிமெண்டைப் பின்கதவோரம் அடுக்காமல் கேபினை ஒட்டி அடுக்கு. அளவுக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. அபராதத்தை விடு. முதலில் ஸ்பிரிங் பட்டை முறியும், பிறகு டயர் வெடிக்கும்.

வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டியதில்லை, அதையும் ஆர்.சி.யில் பார்த்து முடிவு செய். உன்னிடம் இருக்கும் கார் லைசென்சே இதற்குப் போதும். 7,500 கிலோ வரை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்துவிட்டது. இன்சூரன்ஸ் எழுதும்போது மில்லரை இழுக்கப் போகிறேன் என்று வாய்திறந்து சொல்லி, அதை எழுத்தில் வாங்கு.

அப்புறம் மாப்பிள்ளை, இதை மாமா கெஞ்சியே கேட்கிறேன். ஆட்களைப் பின்தட்டில் ஏற்றாதே. தளம் போட்டு முடித்து, இருட்டிய பிறகு, கைகால் எல்லாம் சிமெண்ட் காய்ந்து, சித்தாள் பெண்கள் மூட்டை மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவார்கள். நானும் அப்படி ஏற்றி வந்தவன்தான். ஒரு பள்ளம், ஒரு நாய் குறுக்கே ஓடினால் அவர்கள் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. சட்டப்படியும் குற்றம், இன்சூரன்ஸ் காசும் வராமல் போகலாம். பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காசு கொடுத்து அனுப்பு. ஒப்பந்தத் தொகை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசு.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள். காலி வண்டியை ஓட்டி என்ன தெரியும்? கூடவே அரை டன்னாவது மூட்டை ஏற்றித் தரச் சொல். மேட்டில் பாதியில் நிறுத்து, ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா பார், பின்னுக்கு நழுவாமல் முதல் கியரில் கிளப்பு. கிளட்ச் நெடி வந்தால் அந்த வண்டி வேண்டாம். இதற்குச் சம்மதிக்காத ஷோரூமை விட்டு அடுத்ததற்குப் போ.

நீ மில்லரை எடுத்ததும் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வை. எத்தனை கிலோ என்று தெரிந்த பிறகுதான் வண்டியை முடிவு செய்ய வேண்டும். அப்படியே இழுகம்பியின் கண் எத்தனை எம்.எம். என்று உள்ளளவும் அளந்து கொண்டு வா. இங்கே தெரிந்த லேத் பட்டறையில் நல்ல இரும்பில் பின் கடைந்து, ஓட்டை போட்டு, பூட்டுக் கிளிப்போடு தருகிறேன். அதோடு இரண்டு சங்கிலியும் வாங்கி வைத்திருக்கிறேன், இழுகம்பிக்குக் கீழே குறுக்காகக் கட்டிக்கொள்ள.

அன்புடன்,
மாமா