திரையில் ஒரு கடற்காதை

1965ஆம் ஆண்டு பி.ஆர். பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ திரைப்படத்தை வெறும் வாட்போர்க் கதையெனத் தள்ளுதல் பொருந்தாது. 1935இல் வெளிவந்த ‘கேப்டன் பிளட்’ என்னும் ஆங்கிலப் படத்தை அடியொற்றிய இதன் தலைவன் மணிமாறன் ஒரு மருத்துவன். எம்.ஜி.ஆர். ஏற்ற பாத்திரம் அது. காயமுற்ற கிளர்ச்சியாளர்க்கு மருந்திட்டமையே அவன் குற்றமாயிற்று. அடிமையாய்த் தீவில் விலைப்பட்டான். விலைபோனது உடலேயன்றி உள்ளமன்று. கடற்கொள்ளையரோடு சேர நேர்ந்தபோதும் அவன் அறம் பிறழவில்லை.

இப்படத்திற்குக் கண்ணதாசனுடன் பாடல் புனைந்த வாலி, நம் திருவரங்கத்தில் வளர்ந்தவர். அலைகடல் காணாத காவிரிக்கரையிலிருந்தும் விடுதலை வேட்கையைப் பாடவியலும் என்பதற்கு அவரே சான்று.

புண்ணுற்றவன் எவனாயினும் மருந்திடுவோமா? மாணவச் செல்வங்களிடம் நாம் வைக்கும் வினா இதுவே.