காட்சித் தொகுப்புத் திட்டக் கோப்பைக் கையால் சீர்செய்தல்

கணினியில் படத்தொகுப்பு செய்யும்போது நாம் காட்சிகளை வெட்டி ஒட்டுவதாகத் தோன்றினும், உண்மையில் எந்தக் காட்சிக் கோப்பும் வெட்டப்படுவதில்லை. எந்தக் காட்சி, எந்தச் சட்டம் முதல் எந்தச் சட்டம் வரை, எதன் பின் எது என்னும் குறிப்புகளே திட்டக் கோப்பில் எழுதப்படுகின்றன. படச்சுருள் காலத்தில் தொகுப்பாளர் நகல் பிரதியை வெட்டி முடிவு செய்வார். பின்னர் சுருளின் ஓரத்தில் உள்ள எண்களை ஒப்பிட்டு மூல நெகடிவை வெட்டுவார்கள். அந்த எண் பட்டியலுக்கு நிகரானது இத்திட்டக் கோப்பு. ஒரு மாத உழைப்பு முழுவதும் அச்சிறு கோப்பில் அடங்கியிருப்பதால்தான், அது திறக்க மறுத்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

கட்டணமின்றிக் கிடைக்கும் கேடென்லைவ் என்னும் மென்பொருளை இங்கு எடுத்துக்கொள்வோம். அதன் திட்டக் கோப்பு எக்ஸ்.எம்.எல். முறையில் அமைந்த வெறும் எழுத்துக் கோப்பே ஆகும். எக்ஸ்.எம்.எல். 1998-இல் தரமாக ஏற்கப்பட்டது. நோட்பேட் போன்ற எளிய எழுத்துச் செயலியில் அதனைத் திறந்து படிக்கலாம். 'புரொடியூசர்' போன்ற ஓர் உறுப்பு ஒவ்வொரு மூலக் காட்சியையும் குறிக்கும். அதனுள் 'ரிசோர்ஸ்' என்ற வரியில் கோப்பின் முகவரி இருக்கும். 'பிளேலிஸ்ட்' என்பதனுள் வரும் ஒவ்வொரு 'என்ட்ரி'யும் ஒரு துண்டு. அதில் தொடக்கமும் முடிவும் குறிக்கப்படும். முடிவுச் சட்டமும் கணக்கில் சேரும் என்பதை மறத்தலாகாது. 0 முதல் 99 வரை என்றால் 100 சட்டங்கள். நொடிக்கு 25 சட்டங்கள் எனில் சரியாக 4 நொடிகள்.

அடிக்கடி நேரும் கோளாறு முகவரி மாறுதல்தான். சொந்தக் கணினி இல்லாத நம்மில் பலர் ஆய்வகத்தில் பாதியும் நண்பர் வீட்டில் மீதியுமாக வேலை செய்கிறோம். அங்கே 'ஈ' என்றிருந்த பென் டிரைவ் இங்கே 'எஃப்' ஆகிவிடுகிறது. காட்சிகள் யாவும் காணாமற் போகின்றன! திறக்கும்போதே மென்பொருள் விடுபட்டவற்றைத் தேடித் தர முன்வரும். முதலில் அதனையே முயல வேண்டும். அது பயன் தராதபோது கையால் திருத்தலாம்.

முதற்கண் கோப்பைப் படியெடுத்துத் தனியே வைக்க வேண்டும். இதனைச் செய்யாமல் மேலே ஓர் எழுத்தையும் தொடக்கூடாது. பின் பழைய முகவரியைத் தேடிப் புதியதை மாற்றியிட வேண்டும். கோப்புறைப் பெயரில் 'அண்டு' குறி இருந்தால் அதை அப்படியே எழுதக்கூடாது, எக்ஸ்.எம்.எல். விதிப்படி அதற்குரிய மாற்றெழுத்தை இட வேண்டும். வேர்டு போன்ற செயலிகள் இதற்கு ஆகா; அவை மேற்கோள் குறிகளை வளைத்துவிடும், கோப்பு பாழாகும். அடையாள எண்களைத் தொடவே வேண்டாம். துண்டுகள் அவற்றைக் கொண்டே தம் மூலத்தை அறிகின்றன.

திருத்திய பின் 'எக்ஸ்.எம்.எல்.லிண்ட்' என்னும் சிறு கருவியால் சோதித்தால், பிழையுள்ள வரியின் எண்ணையே அது சொல்லிவிடும். மின்தடையால் இறுதிப் பகுதி எழுதப்படாது போன கோப்பையும் இவ்வாறே இனங்காணலாம். அத்தகைய கோப்பைச் செப்பனிடுவதைவிட, மென்பொருள் தானே சேமித்துவைக்கும் மாற்றுப் பிரதியைத் திறப்பதே மேல்.

இன்னொன்று சுவையானது. ஜெர்மனி, பிரான்சு போன்ற நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவர். அவ்வழக்கில் அமைந்த கணினியில் சேமித்த பழைய திட்டங்களை வேறிடத்தில் திறந்தால் ஒலி அளவு முதலியவை பிறழ்ந்தன. 2020-இல் வந்த 20.08 பதிப்பு முதல் எங்கும் புள்ளியே எழுதப்படுகிறது. பழைய கோப்பில் இதனைத் திருத்துவோர் எல்லாக் காற்புள்ளிகளையும் ஒரேயடியாக மாற்றிவிடக்கூடாது. தலைப்பு எழுத்துகளிலும் காற்புள்ளி உண்டல்லவா?

அடோபி பிரீமியரின் திட்டக் கோப்பும் எக்ஸ்.எம்.எல்.தான். ஆனால் ஜிஸிப் முறையில் சுருக்கப்பட்டிருப்பதால் முதலில் விரித்த பின்னரே படிக்க இயலும். டாவின்சி ரிசால்வ் தன் திட்டங்களைத் தரவுத்தளத்தில் வைப்பதால், அங்கு இந்த வழி செல்லாது.